வழக்கும் வழக்கமும்



சட்டமும் அரசும் சமயமும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டார்கள். அப்படி ஓர் இடம் தமிழ்நாட்டில் எது என்று யோசித்தபோது கோயில் வாசல்தான் கண்முன் வந்தது. மதுரையில் நாற்பது ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவன் நான். கோயில் வாசலில் பிறந்து நீதிமன்றத்துக்கு வந்த தாவாக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் நானே நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தோடுதான் பேசுகிறேன்.

பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். மணப்பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, இந்த மணமகன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது எங்காவது உண்டா என்று சுந்தரர் சிரிக்கிறார், பிறகு கோபம் வந்து ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். விவகாரம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அப்படி ஒரு நடைமுறை உலகத்தில் இல்லையே என்றுதான் சபையும் முதலில் சொல்கிறது. ஆனால் உடனே, ஆட்சி, ஆவணம், காட்சி இவற்றில் எதைக் கொண்டு உன் உரிமையை நிறுவப் போகிறாய் என்று முதியவரைக் கேட்கிறது. கிழிபட்டது படிதான், மூலம் இதோ என்று அவர் இன்னோர் ஓலையை எடுக்கிறார். பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்றார்.

கறுப்புக் கோட்டுப் போட்டவன் என்ற முறையில் இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். மூலம், நகல், கையெழுத்து ஒப்பீடு என்று ஒரு விசாரணை எப்படி நடக்கவேண்டுமோ அப்படி நடக்கிறது. பக்தனுக்கு அது ஆண்டவன் தடுத்தாட்கொண்ட கதை, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. வக்கீலின் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. மனிதனை மனிதன் எழுதிக் கொடுக்கலாமா என்பது அந்தச் சபையில் ஒரு கேள்வியாகவே எழவில்லை. ஓலை உண்மையா பொய்யா என்பது மட்டுமே கேள்வி. முதியவர் யார் என்று நமக்குத் தெரியும். ஆகவே முடிவில் நமக்கு வருத்தமில்லை. வந்தவர் வெறும் முதியவராக இருந்திருந்தால்?

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பேச்சு வழக்கு, உலக வழக்கு என்னும்போது மக்கள் வாழ்வில் நடைமுறையாக இருப்பது. வழக்குத் தொடுத்தான் என்னும்போது நீதிமன்றத்து விவகாரம். வழக்கம் என்பதும் அதே வேரில் கிளைத்த சொல்தான். தொல்காப்பியம் மொழிக்கு ஆதாரமாக வழக்கையும் செய்யுளையும் எடுத்துக்கொண்டது. வாழும் நடைமுறை ஒன்று, எழுதிவைத்த நூல் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நீதிமன்றம் வந்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

சட்டவாதம் என்ற சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி நடப்பது நல்லது. ஆதரவற்றவனுக்குச் சட்டம்தான் கடைசித் துணை என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆனால் ஒரு மனிதன் வந்து இது நியாயமா என்று கேட்கும்போது, நியாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இதற்கு ஆதாரம் உண்டா, அதிகாரம் யாருக்கு, எந்தப் பிரிவு என்று மட்டும் பதில் சொல்லி, அதோடு நம் கடமை முடிந்தது என்று எழுந்துபோகும் மனநிலை ஒன்று இருக்கிறது. நீதிபதிக்கும் வரும், அமைச்சருக்கும் வரும், குருக்களுக்கும் வரும். அதையே சட்டவாதம் என்கிறேன்.

1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு ஒரு நீதித் திட்டம் வகுத்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய ஆசாரங்கள் ஆகியவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன்படியும் இந்துக்களுக்குச் சாத்திரப்படியும் தீர்ப்பு வழங்கவேண்டும் என்றார். மக்களை அவரவர் சட்டப்படி ஆள்வது என்ற எண்ணத்தில் நேர்மை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் சாத்திரம் எது? ஹால்ஹெட்டின் தொகுப்பு 1776இல் வந்தது. வில்லியம் ஜோன்ஸ் மொழிபெயர்த்த மனுஸ்மிருதி 1794இல் வந்தது. பரமக்குடிக்காரனும் பாளையங்கோட்டைக்காரனும் அறியாத நூல்கள் அவர்களுடைய சட்டம் ஆயின.

இதை எதிர்த்து முதலில் உரத்துப் பேசியவர்களில் ஒருவர் நம் மதுரையோடு தொடர்புள்ள ஆங்கிலேயர். ஜேம்ஸ் ஹென்றி நெல்சன். மதுரை நாட்டைப் பற்றி 1868இல் வெளிவந்த பெரிய கையேட்டை எழுதிய அதே நெல்சன். ஊர் ஊராக மக்களின் நடைமுறைகளைத் தொகுத்தவர். சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும் இந்துச் சட்டத்தைக் கடுமையாக விமர்சித்து 1877இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இங்கே வாழும் மறவரும் கள்ளரும் ரெட்டியாரும் தங்கள் வாழ்க்கையை வடமொழி நூல்களைப் பார்த்து நடத்தவில்லை, அவர்களுடைய வழக்கத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிபதிகளுக்கு இது பிடிக்கவில்லை. இன்னஸ் என்ற நீதிபதி மறுப்பே எழுதினார். நெல்சன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியில் ஓர் ஆபத்து இருந்தது. அது இராமநாதபுரத்தில் வெளிப்பட்டது.

இராமநாதபுரம் ஜமீனில் ஆண் வாரிசு இல்லாமல் சேதுபதி ஒருவர் இறந்தார். ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவன் அனுமதி இல்லாமல் விதவை தத்தெடுக்க முடியாது, ஆகவே ஜமீன் அரசுக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில்வரை போனது. 1868இல் தீர்ப்பு வந்தது. திராவிட நாட்டில் பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பில் இன்றுவரை சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு கொள்கை இருக்கிறது. இந்துச் சட்டத்தில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலை வென்று நிற்கும் என்பது அது. ஒரு பெண்ணுக்கும் ஒரு குடும்பத்துக்கும் அது வாழ்வு கொடுத்தது. ஓலை வழக்கத்தை வென்ற திருவெண்ணெய்நல்லூருக்கு நேர் மாறு.

தத்தெடுக்கப்பட்ட அந்த முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி. பிறந்தது அதே 1868இல். விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது, 1897 ஜனவரியில், பாம்பனில் அவரை வரவேற்றவர். சுவாமிகள் இராமேசுவரம் கோயிலில் நின்று, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே வழிபாடு என்ற பொருளில் பேசினார். சேதுபதி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு மே மாதம் கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கமுதி நாடார்கள் அப்போது ஏழைகள் இல்லை. வணிகத்தில் வளர்ந்தவர்கள். மகமை பிரித்து, உறவின்முறை வைத்து, தங்களுக்குள் ஓர் அமைப்பையே நடத்தியவர்கள். விருதுநகரில் 1889லேயே சத்திரிய வித்தியாசாலை என்று பள்ளி தொடங்கிய சமூகம் அது. பணம் இருந்தது, படிப்பு வந்துகொண்டிருந்தது, கோயில் கதவு மட்டும் திறக்கவில்லை. கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதி. நுழைந்தவர்கள் மேல் அவர் மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் தாவா போட்டார். இவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று விளம்புகை வேண்டும், கோயிலைச் சுத்திகரித்த செலவுக்கு இழப்பீடு வேண்டும் என்பது கோரிக்கை.

அந்த வழக்கில் நாடார்கள் என்ன சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. நாங்களும் சிவனை வணங்குகிறவர்கள், உள்ளே விடுங்கள் என்பது நீதிமன்றத்தில் எடுபடும் வாதம் இல்லை. ஆகவே நாங்கள் சத்திரியர், பாண்டியர் வழியினர், எங்களுக்கு ஏற்கெனவே நுழையும் வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. மறுபக்கம் சாத்திரங்களையும் சாதி மரபுகளையும் பனைத் தொழிலையும் காட்டியது. சாட்சிகள் வந்தார்கள். பட்டயங்கள் வந்தன. ஒரு மனிதன் சாமி கும்பிடுவதற்குத் தன் பாட்டனின் பாட்டன் யார் என்று காட்டவேண்டியிருந்தது. சட்டவாதம் தன் எதிரியையும் தன் மொழியிலேயே பேசவைத்துவிடுகிறது. அதன் ஆழமான கேடு இதுதான் என்பேன். வாசலில் நிறுத்தப்பட்டவன், வாசலே தவறு என்று சொல்லும் வாய்ப்பை இழந்து, நிறுத்தப்பட வேண்டியவன் நான் இல்லை என்று மட்டும் சொல்லக்கூடியவன் ஆகிறான்.

சார்பு நீதிமன்றம் சேதுபதி பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அதே 1899இல் சிவகாசியில் பெரும் கலவரம் நடந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போனது. அது நிலுவையில் இருந்தபோதுதான் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று நடந்தது. சேதுபதி மனம் மாறினார். நாடார்களோடு ராஜிக்கு இசைந்தார். ஏன் இசைந்தார் என்று பலவிதமாகச் சொல்லலாம். விவேகானந்தரின் பேச்சு காதில் இருந்தது என்று நினைக்க எனக்கு ஆசை, ஆனால் அது என் ஆசைதான். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தாவா போட்டவரே கதவைத் திறக்கச் சம்மதித்துவிட்டார். நுழைய விரும்பியவர்கள் நுழையத் தயார். வேறென்ன வேண்டும்?

நீதிமன்றம் ஒப்பவில்லை. கோயில் சேதுபதியின் சொத்து இல்லை, அவர் அறங்காவலர் மட்டுமே, கோயிலின் நெடுநாள் வழக்கத்தைக் காப்பது அவர் கடமை, அதை விட்டுக்கொடுத்து ராஜி செய்வது நம்பிக்கை மீறல் என்றது. 1908இல் பிரிவி கவுன்சில் அதை உறுதிசெய்தது. சேதுபதி அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, முப்பத்தைந்தே வயதில், இறந்துபோயிருந்தார்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே குடும்பம், ஒரே நீதிமன்றம், நாற்பது ஆண்டு இடைவெளி. 1868இல் வழக்கம் நூலை வென்றது, ஒரு விதவையின் தத்து பிழைத்தது. 1908இல் அதே வழக்கம், மனம் மாறிய மனிதனையும் வென்றது. ஊர் மக்களுடைய வழக்கம் உயிருள்ளது. மழை பெய்தால், பஞ்சம் வந்தால், புதிய சாலை போட்டால், ஒரு நல்ல மனிதர் தலையெடுத்தால் அது மாறும். எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழாவில் முதல் மரியாதை கைமாறிய கதைகள் ஊருக்கு நாலு உண்டு. பேசி மாற்றிக்கொள்வார்கள், சண்டை போட்டும் மாற்றிக்கொள்வார்கள். தீர்ப்பில் எழுதப்பட்ட வழக்கம் அப்படி மாற முடியாது. எழுதிய நாளில் அது எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடுகிறது. நெல்சன் காணத் தவறிய ஆபத்து இது. வழக்கத்தைக் கேளுங்கள் என்றார் அவர். கேட்டார்கள். கேட்டுக் கல்வெட்டாக்கினார்கள்.

கமுதித் தீர்ப்பின் நிழல் அடுத்த முப்பது ஆண்டுகளும் விழுந்தது. 1931-32இல் கேளப்பன் தலைமையில் குருவாயூர் சத்தியாக்கிரகம் நடந்தது. பொன்னானி தாலுகாவில் சாதி இந்துக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையினர் நுழைவை ஆதரிக்கிறார்கள் என்று காட்டினார்கள். கோயிலின் அறங்காவலரான சாமூதிரி மன்னர் சொன்ன பதில்களில் முதன்மையானது, நான் விரும்பினாலும் சட்டம் எனக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்பது. அது சாக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கைச் சட்டமே செய்து கொடுத்திருந்தது. அதை நீக்கத்தான் சென்னைச் சட்டசபையில் சுப்பராயன் ஒரு மசோதா கொண்டுவர முயன்றார். வைஸ்ராய் அனுமதி மறுத்தார். திருவிதாங்கூரில் மட்டும் 1936 நவம்பரில் மன்னர் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார், கதவுகள் திறந்தன. அங்கே மன்னரின் சொல்லே சட்டம்.

மதுரைக்கு வருகிறேன். 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை உள்ளே விட்டார். கமுதித் தீர்ப்பை அறிந்த எந்த வக்கீலும் அன்று காலை ஐயரிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஐயரே பெரிய வக்கீல். சட்டம் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே போனார். அவர் வீட்டில் அதற்காக அவர் பட்ட சாதி விலக்கும் ஏச்சும் மதுரையில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ராஜாஜி அரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் எம்.சி. ராஜாவின் ஆலயப் பிரவேச மசோதாவை ஆதரிக்க மறுத்திருந்தது. இப்போது காரியம் நடந்துவிட்டது. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள், வழக்குகள் வரும் என்ற நிலை. ஜூலை 17 அன்று அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது முழுச் சட்டமானது. அந்தச் சட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அறங்காவலர்கள் விரும்பினால் கோயிலைத் திறக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது ஒரு பகுதி. ஏற்கெனவே நுழைந்தவர்கள் மீதும் நுழையவிட்ட அதிகாரிகள் மீதும் யாரும் வழக்குத் தொடர முடியாது என்று காப்புக் கொடுத்தது இன்னொரு பகுதி. 1908இல் சேதுபதியிடம் இல்லை என்று சொல்லப்பட்ட அதிகாரம் முப்பத்தோரு ஆண்டு கழித்துக் கிடைத்தது. அதுவும் ஆறு பேர் முதலில் நடந்துபோன பிறகு.

இதைச் சொல்லும்போது சில இளம் நண்பர்கள், அப்படியானால் சட்டம் எப்போதும் பின்னால்தான் வருமா, அதை ஏன் நம்பவேண்டும் என்று கேட்கிறார்கள். பின்னால் வந்த அந்தச் சட்டம் இல்லையென்றால் வைத்தியநாத ஐயரும் கக்கனும் நாயுடுவும் நீதிமன்ற வாசலில் நின்றிருப்பார்கள், கோயில் கதவு மறுபடி மூடியிருக்கும். 1947இல் வந்த சட்டம் இல்லையென்றால் அறங்காவலர் விரும்பினால் மட்டும் என்ற நிலையே நீடித்திருக்கும். சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நடந்தவன் காலுக்குக் கீழே நிலமாக வந்து நின்ற சட்டம் அது. சட்டவாதம் அவன் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே நிலம் எங்கே என்று கேட்கிறது.

அரசியலமைப்புச் சட்டம் வந்தது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 25ஆம் உறுப்பு இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 26ஆம் உறுப்பு சமயப் பிரிவுகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. இந்தக் கடைசி இரண்டும் மோதும் என்று எல்லாருக்கும் தெரியும். மோதியது தென் கன்னடத்தில் மூல்கியில். கௌட சாரஸ்வதப் பிராமணர்களின் வேங்கடரமணர் கோயில். 1957இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் ஆழ்ந்த புலமை கொண்ட, சங்கீத கலாநிதி பெற்ற அதே வெங்கடராம ஐயர்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று அது. யார் எங்கே நின்று வழிபடலாம் என்பது ஆகமத்தின்படி சமய விஷயம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். சாத்திரத்தை வளைத்து, அது அப்படிச் சொல்லவே இல்லை என்று காட்ட அவர் முயலவில்லை. சமயம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் இந்த நாட்டு மக்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட அரசியலமைப்பு வேறு சொல்கிறது, அதுவே மேல் என்றார். அந்தப் பிரிவினருக்கு மட்டுமே உரிய சில சடங்குகளுக்கு விலக்குக் கொடுத்தார். அதில் நான் மாறுபடலாம். ஆனால் கேள்வியை நேர்முகமாகச் சந்தித்த தீர்ப்பு அது.

பின்னாளில் நீதிமன்றங்கள் அந்த வழியை விட்டுவிட்டன. ஒரு நடைமுறை சமயத்தின் இன்றியமையாத பகுதியா இல்லையா என்று நூல்களைப் புரட்டிப் பார்க்கும் வழி வந்தது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் தொடங்கிய பாதை அது. அங்கே அது சமயத்தின் சுதந்திரத்தைக் காக்கத்தான் சொல்லப்பட்டது. நாளடைவில் நீதிபதிகள் இறையியலாளர் ஆனார்கள். தாங்கள் இந்துக்களே இல்லை, ஆகவே ஆலயப் பிரவேசச் சட்டம் தங்களைக் கட்டாது என்று குஜராத்தின் சுவாமிநாராயணர் பிரிவினர் சிலர் வாதாடினார்கள். 1948இல் தொடங்கிய அந்த வழக்கு முடிய 1966 ஆனது. ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் வரலாமா என்ற எளிய கேள்வி, இந்து என்பவர் யார் என்ற பெரிய ஆராய்ச்சியாக மாறிப் பதினெட்டு ஆண்டுகளைத் தின்றது.

வாசல் திறந்த பிறகு கருவறை. 1970இல் பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்தார். கலைஞர் அரசு சட்டம் கொண்டுவருவதாகச் சொல்லி அவரைப் பொறுக்கச் சொன்னது. அர்ச்சகர் பதவி தகப்பனுக்குப் பின் மகன் என்று போவதை ஒழித்த சட்டத் திருத்தம் வந்தது. எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு. அர்ச்சகரை நியமிப்பது சமயம் சாராத செயல், ஆகவே பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் ஆகமம் இன்ன பிரிவைச் சேர்ந்தவர்தான் திருமேனியைத் தொடலாம் என்று சொன்னால் அதை மீறக்கூடாது என்றும் சொன்னது. பரம்பரை போனது, பிறப்பு நின்றது. சட்டம் செல்லும் என்று அரசு சொல்லிக்கொண்டது, ஒன்றும் மாறாது என்று எதிர்த் தரப்பு ஆறுதல் அடைந்தது. இரண்டும் உண்மை. பெரியார் அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்தபோது கருவறைப் படி அவர் விட்ட இடத்தில்தான் இருந்தது.

2006இல் மறுபடி ஓர் அரசாணை. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அவசரச் சட்டம், ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள். இருநூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் படித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மந்திரம் கற்றார்கள், பூசை முறை கற்றார்கள், தீட்சை பெற்றார்கள். பிறகு வழக்கு. 2015 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகமப்படி நியமிக்கவேண்டும், ஆனால் அது அரசியலமைப்புக்கு முரணாக இருக்கக்கூடாது, அதை ஒவ்வொரு கோயிலாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றது. படித்த பிள்ளைகளுக்குள் ஒருவருக்கு 2018இல் மதுரையில் வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் 24 பேருக்குக் கிடைத்தது. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். இருபது வயதில் பள்ளிக்குப் போனவனுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது. சட்டம் போட்டாயிற்று என்று மேடையில் பேசிய அரசியல்வாதிகள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். சட்டம் போடுவதையே செயலாக எண்ணுவது ஆட்சியாளர்களின் சட்டவாதம். வேண்டாதவன் பிரிவைக் காட்டிக் கைகழுவுகிறான், வேண்டியவன் அரசாணை எண்ணைக் காட்டிக் கைகழுவுகிறான்.

ஆகமப்படி என்கிறார்களே, அந்த ஆகமங்களின் நிலை என்ன? சைவத்தில் மூல ஆகமங்கள் இருபத்தெட்டு என்பது மரபு. பல முழுமையாகக் கிடைக்கவில்லை. வைணவத்தில் வைகானசம், பாஞ்சராத்திரம் என்று இரண்டு மரபுகள். கிரந்த எழுத்தில் ஓலைகளில் கிடந்தவற்றைத் தொகுத்துக் காத்த பெருமை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு உண்டு. அந்தச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகச் சிலர். கோயில் கட்டுவது, திருமேனி செய்வது, விழா எடுப்பது, யோகம், ஞானம் என்று விரிந்த நூல்கள் அவை. குருவிடம் சீடன் கேட்டு, செய்து, பழகி அறியவேண்டிய ஒன்றை, பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை என்று குற்றவியல் சட்டத்தைப் போலப் படிக்கிறோம். ஒரு கோயிலுக்கு எந்த ஆகமம் என்று கேட்டால் சில இடங்களில் குருக்களே, எங்கள் அப்பா செய்ததைச் செய்கிறேன் என்கிறார். அதுதான் நேர்மையான பதில். அந்தப் பதிலுக்கு வழக்கு மன்றத்தில் மதிப்பில்லை. ஆகமத்தை மதிக்கிறவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். சட்டவாதம் வெளியே நிற்பவனுக்கு மட்டும் கேடு செய்வதாக எண்ணக்கூடாது. உள்ளே இருக்கும் பூசை மரபையும் அது வெறும் சாட்சியக் கட்டாக ஆக்கிவிடுகிறது.

கருவறை ஒருபுறம் இருக்க, வாசலே இன்னும் முடியவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலை எல்லாரும் செய்தியில் படித்திருப்பீர்கள். பட்டியல் சமூகத்தினர் உள்ளே போவதைத் தடுத்ததால் எழுந்த பிரச்சினை. 2023 ஜூனில் கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார். கையாண்டது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. அது நிலத்தகராறுக்கான பிரிவு. இரண்டு பேர் ஒரு சொத்தின் சுவாதீனத்துக்கு அடித்துக்கொண்டால் அமைதிக்காகப் பயன்படுத்துவது. ஒரு தரப்பு சாமி கும்பிட வேண்டும் என்கிறது, மறு தரப்பு கூடாது என்கிறது. ஒன்று அரசியலமைப்பு கொடுத்த உரிமை, மற்றது அரசியலமைப்பு குற்றம் என்று சொன்ன செயல். கோப்பில் இரண்டும் இரு தரப்பினர் என்ற ஒரே சொல்லில் அடங்கின. அடுத்த மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவால் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான், பெரும் காவல் பாதுகாப்போடு, அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அந்த அதிகாரி தீயவர் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் பூட்டைத் தவிர வேறொன்றை யோசிக்கும் கடமை அரசுக்கு இருந்தது.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி என்பதையும் சொல்லவேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் கிழக்குச் சீமையில் ஓர் ஊர். பங்குனி மாதம். அம்மன் சப்பரம் காலனித் தெருவுக்குள் வரவேண்டும், தங்கள் வாசலில் தேங்காய் பழம் வாங்கித் தீபம் காட்டவேண்டும் என்று அந்தத் தெரு மக்கள் கேட்டார்கள். ஊரார் மறுத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். தாசில்தார், காவல் ஆய்வாளர், இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர். காலனி மக்களுக்காக நான் போயிருந்தேன். மாலைவரை பேசியும் முடியவில்லை. மறுநாள் காப்புக் கட்டு. கடைசியில் ஒரு வாசகத்தில் எல்லாரும் இணங்கினார்கள். விழாவை முன்னாள் வழக்கப்படி அமைதியான முறையில் நடத்திக்கொள்வது என்று. அது பழகிய வாசகம், எல்லாத் தாலுகா அலுவலகக் கோப்பிலும் இருக்கும். வழக்கம் எது என்று அதில் எழுதாததால் பிறகு நீதிமன்றத்தில் வாதாட இடம் இருக்கிறது என்று என் கட்சிக்காரர்களிடம் விளக்கினேன். சட்டப்படி நான் சொன்னது சரி. வாசகத்தை என் கையால்தான் எழுதினேன்.

கையெழுத்துப் போடும்போது ஒரு பாட்டியம்மா, பெருவிரலில் மை தடவியபடி, என்னிடம் கேட்டார்.

"வக்கீலய்யா, வழக்கப்படின்னு எழுதியிருக்கீகளே, அது ஆரு வழக்கமுங்க?"

பதில் சொல்வதற்குள் காவலர் அவர் கையைப் பிடித்து உருட்டி ரேகை வாங்கிவிட்டார்.

விழாவின் கடைசி நாள் இரவு நான் அந்த ஊரில் இருந்தேன். மேளம் நெருங்கி வந்தது. சப்பரம் காலனித் தெரு முனைவரை வந்து, ஒரு நொடி நின்று, மேற்கே திரும்பியது. தெருவுக்குள் வாசல்தோறும் கோலம் போட்டிருந்தார்கள். அந்தப் பாட்டியம்மா தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பந்தத்தின் வெளிச்சம் சுவர்களில் நகர்ந்து மறைந்த பிறகும், கற்பூரம் எரிந்து அடங்கும்வரை, தட்டைத் தாழ்த்தவில்லை.